பற்று, வரவு

ஆசிரியர் என்னிடம் கேட்டிருந்தது வேறு கட்டுரை. விமர்சனத்தில் மதிப்பீடு என்பது எதன்மேல் நிற்கிறது என்று எழுதச் சொன்னார். ஒப்புக்கொண்டு மூன்று மாதம் ஆகிறது. இரண்டு முறை ஆரம்பித்துக் கிழித்துப் போட்டேன். மதிப்பு என்ற வார்த்தையை எழுதும்போதெல்லாம் வேறொரு விஷயம் குறுக்கே வந்து நிற்கிறது. அதைச் சொல்லாமல் மேலே எழுதினால் பொய்யாகிவிடும் என்று படுகிறது. ஆகவே இது பணத்தைப் பற்றிய கட்டுரை. என் பணத்தையும் என் அப்பாவின் பணத்தையும் பற்றியது.

பெரம்பலூரில் ஒரு வங்கிக் கிளையில் நான் குமாஸ்தா. குடியிருப்பது அரியலூரில், அப்பாவின் வீட்டில். 1995-ல் திருச்சியிலிருந்து பிரிந்தது பெரம்பலூர் மாவட்டம். அதிலிருந்து 2001-ல் பிரிந்து, மறு வருஷமே ஒட்டிக்கொண்டு, 2007-ல் மறுபடியும் பிரிந்தது அரியலூர். அரசாங்கத்துக்குத்தான் இவை இரண்டு மாவட்டம். எனக்கு ஒரே பஸ் ரோடு. காலையும் மாலையும் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போகிற பஸ். அப்பா ஒரு சிமெண்ட் ஆலையின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்குக் கிடைத்த தொகை டெபாசிட்டில் இருக்கிறது. அதன் வட்டி விழுவது அவர் பெயரும் என் பெயரும் சேர்ந்த ஒரு சேமிப்புக் கணக்கில். அந்தக் கணக்கின் பாஸ்புக்தான் அப்பா விடாமல் வாசிக்கும் ஒரே புத்தகம். ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் பென்சிலால் ஒரு சொல் எழுதுவார்: கேஸ், மருந்து, கோயில், மொய். எழுதி ஒரு டிக் போடுவார். டிக் விழாத வரி இருக்கக் கூடாது என்பது அவர் சித்தாந்தம்.

நான் ஏன் இறங்கினேன் என்பதைப் பேராசை என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். அது இருந்தது; மறுக்கவில்லை. ஆனால் முதலில் என்னைப் பிடித்தது ஒரு கருத்து. 2008 அக்டோபர் 31-ந் தேதி சடோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் ஒருவர், அல்லது சிலர், ஒன்பது பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார்கள். இரண்டு பேருக்கிடையில் பணம் கைமாற மூன்றாவதாக ஒரு ஸ்தாபனத்தை நம்ப வேண்டியதில்லை என்பது அதன் சாரம். கணக்குப் புத்தகத்தை ஒருவரிடம் கொடுத்து வைப்பதற்குப் பதில் எல்லோரும் ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்வது. எழுதியதை யாரும் அழிக்க முடியாதபடி ஒவ்வொரு பக்கத்தையும் முந்தைய பக்கத்தோடு கணிதத்தால் தைத்துவிடுவது. 2009 ஜனவரி 3-ந் தேதி போட்ட முதல் பக்கத்தில், வங்கிகளைக் காப்பாற்ற பிரிட்டிஷ் அரசாங்கம் மறுபடியும் பணம் கொடுக்கப்போகிறது என்ற அன்றைய லண்டன் பத்திரிகைத் தலைப்பைப் பொதிந்து வைத்தார்கள். வங்கிக்காரனான எனக்கே இது கவர்ச்சியாக இருந்தது. நாள் முழுதும் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்து, நம்பலாமா கூடாதா என்று தீர்மானித்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். நம்பிக்கையே வேண்டாத ஒரு பேரேடு என்றால் ஆசை வராதா?

அழிக்க முடியாத பேரேடு நம் பக்கத்துக்குப் புதிதும் அல்ல. எங்கள் மாவட்டத்தில்தான் ராஜேந்திரன் தலைநகராகக் கட்டிய கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. அவன் தகப்பன் ராஜராஜன் காலத்தில் தஞ்சைப் பெரிய கோயில் கல்லில் வெட்டி வைத்தவற்றில் பாதி வங்கிக் கணக்கு. இன்னார் கொடுத்த காசு, இன்ன ஊர்ச் சபை வாங்கிக்கொண்டது, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி, சந்திரன் சூரியன் உள்ளவரை. நூற்றுக்குப் பன்னிரண்டரை. யார் வேண்டுமானாலும் சுவரில் வாசித்துக்கொள்ளலாம். ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. இந்த ஒற்றுமையைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் நான் ஒரு கட்டுரை எழுதவும் திட்டமிட்டிருந்தேன். கல்லில் ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் இருக்கின்றன, இதில் இல்லை என்ற வித்தியாசம் அப்போது எனக்கு உறைக்கவில்லை. தெரிந்தே அதைத் தாண்டிப் போனேன் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

2021-ல் ஐயாயிரம் ரூபாயில் ஆரம்பித்தேன். அதற்கு முன் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். 2018 ஏப்ரல் 6-ந் தேதி ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை அனுப்பி, இந்த நாணயங்களில் புழங்குகிறவர்களுக்கு வங்கிகள் எந்தச் சேவையும் செய்யக் கூடாது என்றது. 2020 மார்ச் 4-ந் தேதி உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வி. ராமசுப்பிரமணியன். ரிசர்வ் வங்கிக்கு அதிகாரம் உண்டு, ஆனால் இந்த வியாபாரத்தால் வங்கிகளுக்குத் தீங்கு நேர்ந்ததாகக் காட்டாமல் இவ்வளவு பெரிய தடை போடுவது அளவுக்கு மீறியது என்பது அதன் தர்க்கம். 2022 ஏப்ரல் முதல் லாபத்தில் நூற்றுக்கு முப்பது வரி. ஒரு நாணயத்தில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழித்துக்கொள்ளவும் கூடாது. அந்த வருஷம் ஜூலை 1 முதல் ஒவ்வொரு விற்பனையிலும் நூற்றுக்கு ஒன்று முன்கூட்டியே பிடித்தம். இதற்கிடையில், தடை நீங்கியும் வங்கிகளுக்குத் தயக்கம் போகவில்லை. 2022 ஏப்ரலில் ஒரு பெரிய அமெரிக்கச் சந்தை யு.பி.ஐ. மூலம் பணம் போடலாம் என்று இங்கே கடை விரித்தது. அப்படி யாரும் யு.பி.ஐ.யைப் பயன்படுத்துவதாகத் தனக்குத் தெரியாது என்று தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் சொன்னது. சில நாளில் அந்த வழி அடைந்தது.

வாசல் அடைபட்டால் சந்து திறக்கும். அந்தச் சந்துக்கு 'ஆளுக்கு ஆள்' என்று பெயர். வேலை இப்படி. சந்தையின் செயலியில், டாலருக்குச் சமமாக வைக்கப்பட்ட ஒரு நாணயத்தை விற்கிறவர்களின் பட்டியல் இருக்கும். ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறோம். அவருடைய நாணயத்தைச் சந்தை தன்னிடம் நிறுத்தி வைத்துக்கொள்கிறது. நம் வங்கிக் கணக்கிலிருந்து அவர் வங்கிக் கணக்குக்கு நேரே ரூபாய் அனுப்புகிறோம். அனுப்பிவிட்டேன் என்று பொத்தானை அழுத்த, வந்துவிட்டது என்று அவர் அழுத்த, நாணயம் நம் பக்கம் விடுவிக்கப்படுகிறது. கால் மணி நேரத்து வேலை. அவர் லூதியானாவில் இருக்கலாம், லால்குடியில் இருக்கலாம். எல்லா விற்பனையாளர்களும் ஒரே ஒரு நிபந்தனை போடுவார்கள்: பணம் அனுப்பும்போது குறிப்பு என்ற இடத்தில் இந்த நாணயத்தின் பெயரையோ கிரிப்டோ என்ற சொல்லையோ எழுதக் கூடாது. நம்பிக்கையே தேவைப்படாத பணத்துக்குள் நுழைய, முன்பின் பார்த்திராத ஒருவனை நம்பி, அதற்கு ஒரு பொய்யும் எழுத வேண்டியிருந்தது. நான் எழுதிய பொய் 'குடும்பச் செலவு'. வார்த்தைகளைப் பற்றி இந்தப் பத்திரிகையில் பத்து வருஷமாக மற்றவர்களுக்குப் புத்தி சொல்லி வருகிறவன் எழுதியது.

2024 டிசம்பரில் பிட்காயின் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. அந்த மாதம்தான் அப்பாவின் கணக்கில் கை வைத்தேன். பிறகு பத்து மாதத்தில் எட்டுத் தவணைகளாக இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. பாஸ்புக்கை நானே போட்டுக்கொண்டு வருகிறேன் என்று வாங்கி என் பையில் வைத்துக்கொண்டேன். போடவில்லை.

2025 பிப்ரவரியில், மக்காச்சோளம் அறுவடையாகிப் பணம் வந்து விழுகிற சமயம், ஒரு பையன் கவுண்டருக்கு வந்தான். வேப்பந்தட்டைப் பக்கம். கூடவே அவன் அம்மா. மெஷினில் பணம் வரவில்லை, செயலியும் வேலை செய்யவில்லை என்றான். பார்த்தேன். வேறு மாநிலப் போலீஸ் கேட்டதன் பேரில் கணக்கிலிருந்து எதுவும் வெளியே போகாதபடி நிறுத்தி வைத்திருந்தார்கள். எங்கள் பாஷையில் பற்று முடக்கம். வரவு வரலாம், பற்று கூடாது. சைபர் மோசடியில் பணம் இழந்தவர் 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்தால், அந்தப் பணம் எந்தெந்தக் கணக்கு வழியாக ஓடியது என்று வங்கி வங்கியாகத் தொடர்ந்துபோய் வழியில் உள்ளவற்றை நிறுத்துவார்கள். இழந்தவருக்கு அது நியாயம். பையன் கணக்கில் ஜனவரியில் முன்பின் தெரியாத ஒரு பெயரிலிருந்து முப்பத்தெட்டாயிரம் வந்திருந்தது. அதைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. பையன் தன்னிடமிருந்த நாணயத்தை விற்றிருக்கிறான். வாங்கியவன் யாரையோ ஏமாற்றிய பணத்தில் விலை கொடுத்திருக்கிறான். அதற்குப் பிறகு அதே கணக்கில்தான் மக்காச்சோளம் வாங்கிய வியாபாரி ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம் போட்டிருந்தார்.

அந்த அம்மாளுக்கு இதில் எதுவும் தெரியாது. "சார், சோளத்துப் பணம் வந்திருக்குதா இல்லியா?" என்றாள்.

"வந்திருக்கும்மா. எடுக்க முடியாது."

"ஏன்?"

"வேற ஒரு பணம் கலந்திருக்கு. போலீஸ்ல சொல்லி நிறுத்தியிருக்காங்க."

"எம் பணத்துல யாரு பணம் கலந்துச்சு?"

நான் பையனைப் பார்த்தேன். அவன் கவுண்டர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். உரக்கடைக்குக் கொடுக்க வேண்டும், டிராக்டர்காரருக்குக் கொடுக்க வேண்டும், நகைக்கு வட்டி கட்ட வேண்டும் என்று அவள் வரிசையாகச் சொன்னாள். மனு எழுதிக் கொடுக்கச் சொன்னேன். எந்த ஊர்ப் போலீஸ், புகார் எண் என்ன என்று எழுதிக் கொடுத்தேன். குமாஸ்தா செய்ய வேண்டியது அவ்வளவுதான். அவன் தனியாகத் தண்ணீர் குடிக்கப் போனபோது பின்னாலேயே போய், "தம்பி, நானும் இதுதான் பண்ணிக்கிட்டிருக்கேன், அம்மாகிட்ட சொல்லிடு" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சட்டை போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவன் அப்படியெல்லாம் சொல்ல மாட்டான். அன்று சாயங்காலம் பஸ்ஸில் நான் கவலைப்பட்டது அந்த அம்மாளுக்காக அல்ல. இதுவரை நான் வாங்கியவன். விற்றுப் பணமாக்கும்போது எனக்கும் இப்படி நேருமே என்றுதான். முழு முடக்கம் நீங்கி, சந்தேகத் தொகை மட்டும் நிறுத்தம் என்று ஆக ஜூன் மாதம் ஆனது. அதற்குள் அவர்கள் வேறிடத்தில் கடன் வாங்கியிருந்தார்கள்.

இதைக் கண்ணால் பார்த்த பிறகும் நான் நிறுத்தவில்லை. பையன் விற்றபோதுதானே மாட்டினான், நான் விற்காமலே பெருக்கலாம் என்று ஒரு நியாயம் கண்டுபிடித்தேன். நம் தொகையை ஈடாக வைத்து அதைப்போல் பத்து மடங்குக்கு வியாபாரம் செய்ய அங்கே இடம் உண்டு. விலை நூற்றுக்குப் பத்து ஏறினால் போட்டது இரட்டிப்பு. பத்து இறங்கினால் ஈடு மொத்தமும் போய்விடும். யாரும் வந்து கேட்க மாட்டார்கள், நோட்டீஸ் வராது, ஜப்தி கிடையாது. இயந்திரமே கணக்கை முடித்துவிடும்.

2025 அக்டோபர் 10-ந் தேதி சீனச் சரக்குகள்மேல் மேற்கொண்டு நூற்றுக்கு நூறு வரி என்று அமெரிக்க ஜனாதிபதி அறிவித்தார். நமக்கு அது 11-ந் தேதி விடியற்காலை, இரண்டாவது சனிக்கிழமை, வங்கி விடுமுறை. அந்த ஒரு நாளில் உலகம் முழுவதும் இப்படிக் கடன் மடங்கில் கட்டியிருந்தவர்களின் 1,900 கோடி டாலருக்கு மேற்பட்ட வியாபாரங்கள் இயந்திரத்தால் முடிக்கப்பட்டன. சின்ன நாணயங்கள் நிமிஷக் கணக்கில் பாதிக்கும் கீழே போய்த் திரும்பின. நான் ஆறு மணிக்கு எழுந்து, பால் வாங்கிவர செருப்பை மாட்டிக்கொண்டே பார்த்தேன். சுமார் ஒன்பதாயிரம் ரூபாய் இருந்தது. திண்ணையில் அப்பா பேப்பருக்காகக் காத்துக்கொண்டிருந்தார். பால் வாங்கப் போனேன்.

தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு அப்பா என் பையிலிருந்து பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு அவராகவே வங்கிக்குப் போய் மெஷினில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். நான் வேலை முடிந்து வந்தபோது கூடத்தில் கண்ணாடியும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தார். எட்டு இடத்தில் டிக் இல்லை.

"யாருடா இந்த ஆளு?"

முதல் வரியில் ஒரு வட இந்தியப் பெயர். எனக்கு அந்தப் பெயரே நினைவில் இல்லை.

"தெரியாதுப்பா."

"தெரியாத ஆளுக்கா முப்பதாயிரம் அனுப்பின? குடும்பச் செலவுன்னு போட்டிருக்கு. யாரு குடும்பம்?"

கடனில் மாட்டிக்கொண்டேனா, யாராவது மிரட்டுகிறார்களா, வேறு ஏதாவது சகவாசமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவருக்குத் தெரிந்த துயரங்களில் எதிலாவது இதைப் பொருத்திவிட முடியுமா என்று தேடினார். இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசியில் எல்லாவற்றையும் சொன்னேன். நாணயம், பேரேடு, கணிதம். உலகத்தில் மொத்தம் 2 கோடியே 10 லட்சம் பிட்காயினுக்கு மேல் வராது என்றும், இயந்திரங்கள் ஓயாமல் எண்களைப் போட்டுப் பார்த்துச் சரியானதைக் கண்டுபிடிக்கிறவனுக்குப் புது நாணயம் கிடைக்கும் என்றும், 2024 ஏப்ரலுக்குப் பிறகு அது ஒரு தடவைக்கு மூன்றேகால் சொச்சம்கூட இல்லாமல் மூன்றே அரைக்கால்தான் என்றும், இதற்குச் சுரங்கம் தோண்டுவது என்று பெயர் என்றும் சொன்னேன். அந்த ஒரு சொல்லில்தான் அவர் நிமிர்ந்தார். "கல்லு வெட்டினா குழி இருக்கும். சிமெண்ட்டும் இருக்கும். இதுல என்ன இருக்கு?" என்றார். ஏளனமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எங்கள் ஊர்ச் சுண்ணாம்புக்கல்லே ஒரு காலத்துக் கடல்; செத்த கிளிஞ்சல்கள் கோடி வருஷம் படிந்து கல்லானது. அதை முப்பத்தொரு வருஷம் வெட்டியவர் கேட்கும்போது, இன்னொருவன் நாளைக்கு இதைவிட அதிக விலைக்கு வாங்குவான் என்ற எதிர்பார்ப்பு இருக்கிறது என்று பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் வேறு பதிலும் இல்லை.

ரூபாய் நோட்டிலும் உள்ளது காகிதம்தானே என்று வாதம் செய்யலாம். நானே செய்திருக்கிறேன். ஆனால் பத்து ரூபாய் நோட்டில்கூட ரிசர்வ் வங்கி கவர்னர் கையெழுத்துப் போட்டு ஒரு வாக்குறுதி கொடுத்திருக்கிறார். அந்த வாக்கு பொய்த்தால் போய்ச் சண்டை போட ஒரு கட்டிடமாவது இருக்கிறது. அந்த அம்மாள் என் கவுண்டரில் வந்து நின்றாள். நான் எங்கே போய் நிற்பது? அக்டோபர் 25-ந் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இந்த நாணயங்கள் பணமல்ல, கையால் தொடக்கூடியதும் அல்ல, ஆனாலும் ஒருவர் அனுபவிக்கவும் பிறர் பொறுப்பில் வைத்திருக்கவும் கூடிய உடைமைதான் என்று தீர்ப்பளித்தார். 2024-ல் ஒரு சந்தை கொள்ளை போனபோது முடங்கிய தன் நாணயங்களுக்காக ஒருவர் போட்ட வழக்கு. சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். என் விஷயத்தில் யாரும் கொள்ளையடிக்கவில்லை. எல்லாம் நிபந்தனைப்படி நடந்தது.

இனி ஆசிரியர் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். மதிப்பு என்பது ஒரு கூட்டத்தின் சம்மதம் மட்டுமே என்று நான் கொஞ்ச காலம் நம்பினேன். நம் சிறுபத்திரிகைக்கும் அந்த நாணயத்துக்கும் அதிக வித்தியாசம் இல்லை என்றுகூடப் பேசியிருக்கிறேன்: சிலநூறு பேர் ஒப்புக்கொண்டால் அது கவிதை, ஒப்புக்கொள்ளாவிட்டால் காகிதம். இப்போது அது தப்பு என்று தெரிகிறது. 1959-ல் 'எழுத்து'வை ஆரம்பித்த சி.சு. செல்லப்பா பின்னாளில் புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போனவர். வாங்கியவன் அவர் முகத்தைப் பார்த்து வாங்கினான். பிடிக்காவிட்டால் ஏன் பிடிக்கவில்லை என்று அவருக்கே கடிதம் எழுதினான். ஏன் என்று கேட்க முடிகிற இடத்தில்தான் மதிப்பீடு என்ற காரியம் நடக்க முடியும். சந்தையில் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. அடுத்தவன் என்ன விலைக்கு எடுப்பான் என்றுதான் கேட்கிறார்கள்.

ஆனால் இதை எழுதி நிமிரும்போது எனக்குக் கூசுகிறது. சென்ற நான்கைந்து வருஷத்தில் நான் எழுதிய மதிப்புரைகளில் இரண்டையாவது நான் அந்தச் சந்தைக்காரன் மனசோடுதான் எழுதினேன். அந்தக் கவிஞர் ஏறப்போகிறார், முதலில் சொன்னவன் நானாக இருக்கட்டும் என்று எழுதியவை. அந்தக் கவிதைகள் என்னை ஒன்றும் செய்யவில்லை. குறிப்பு என்ற இடத்தில் நான் போட்ட பொய் அது ஒன்று மட்டுமல்ல. எந்த இரண்டு என்று இங்கே எழுதினால் அந்தக் கவிஞர்களுக்கு அவமானம். அவர்களுக்குத் தனியாகக் கடிதம் எழுதியிருக்கிறேன். ஒருவர் பதில் போட்டார்.

பணத்தை மாதம் ஆறாயிரமாகத் திருப்பிப் போட்டு வருகிறேன். மூன்று வருஷத்துக்கு மேல் ஆகும். அப்பா அன்று ராத்திரி எதுவும் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார். காலையில் கூடத்து மேஜைமேல் பாஸ்புக் திறந்து கிடந்தது. எட்டு வரியிலும், 'குடும்பச் செலவு' என்று அச்சாகியிருந்ததன் பக்கத்தில், பென்சிலால் 'நஷ்டம்' என்று எழுதி டிக் போட்டிருந்தார்.